ஒழுகாத டப்பா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று அம்மா சொல்வாள்; அப்படியே பிழைத்தும்விட்டேன். தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரி, அதில் குடல் நோய் ஆராய்ச்சிப் பிரிவு, அங்கே நான் ஒருங்கிணைப்பாளர். பேர்தான் பெரிது. நோயாளிகளுக்குப் படிவத்தைப் படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்குவது, மாத்திரை கொடுப்பது, நேற்று எத்தனை தடவை போனீர்கள், ரத்தம் போனதா, சளி போனதா என்று கேட்டு எழுதுவது, இவ்வளவுதான் வேலை. அதியமான்கோட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய் ஊரார் வயிற்றுப்போக்கை எண்ணிவிட்டு வருகிறாள் என்று என் வீட்டுக்காரர் கேலி செய்வார். செய்யட்டும். என் ஃபைலில் ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது, அடித்தல் திருத்தல் இருக்காது. அந்தத் திமிர் எனக்கு நிறையவே இருந்தது. ஒரு அக்கா செத்துப்போனதில் அந்தத் திமிருக்குப் பங்கு உண்டு.

அந்த அக்காவுக்குக் கடத்தூர்ப் பக்கம். முக்கால் ஏக்கரில் சாமந்தி போட்டிருந்தார்கள். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெருங்குடல் நெடுகப் புண். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ரத்தமும் சளியுமாகப் போகும். மூலம் என்று நினைத்து இரண்டு வருடம் கைவைத்தியம் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். பூப்பறிக்கிற இடத்தில் மறைவு கிடையாது என்பதால் வேலை முடிகிறவரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஆஸ்பத்திரிக்கு வரும் நாளென்றால் முந்தின நாள் மத்தியானத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவார். "பஸ்ஸுல அவசரமா வந்துட்டா யாருகிட்டங்க சொல்றது? டிரைவர நிறுத்தச் சொல்ல முடியுங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார்.

எங்கள் ஆராய்ச்சி ஒரு புது மாத்திரையைப் பற்றியது. அதைக் கொடுத்துக்கொண்டே, புண்ணை அடக்க ஏற்கெனவே சாப்பிடுகிற ஸ்டீராய்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். அதற்காக மாதம் ஒருமுறை மலத்தைச் சோதிப்போம். குடலில் புண் ஆறுகிறதா இல்லையா என்பதை அந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும். நன்றாக இருந்தால் டாக்டர் ஸ்டீராய்டைக் குறைப்பார், இல்லையென்றால் மருந்தைக் கூட்டுவார். எல்லாவற்றையும் நான் படித்துக்காட்டி முடித்ததும் அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நடுவுல என்னைய வேணாம்னு அனுப்பிட மாட்டீங்களே மேடம்?"

முதல் மாதச் சாம்பிளை மஞ்சப்பையில் வைத்துக் கொண்டுவந்தார். தண்ணீராகப் போனதை டப்பாவில் பிடித்திருக்கிறார், மூடி சரியாகத் திருகவில்லை. பஸ் குலுக்கலில் பை முழுக்க ஒழுகிவிட்டது. அதை அப்படியே என் மேஜைமேல் வைத்தார். கீழே என் ஃபைல். நான்கு பக்கம் நனைந்து போனது, நாற்றம் குடலைப் பிடுங்கியது. வெளியே பெஞ்சில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நான் கத்தினேன்.

"என்னக்கா இது? ஒரு டப்பாவ மூடத் தெரியாதா? சுத்தம் சோறு போடும்னு சின்னப் புள்ளைக்கே தெரியும். இப்படியே கொண்டாந்தீங்கன்னா பேரை எடுத்துட்டு அனுப்பிடுவாங்க, ஆமா!"

பேரை எடுப்பது என் கையில் இல்லை. ஒரு டப்பா ஒழுகியதற்காக யாரையும் அனுப்பவும் மாட்டார்கள். சும்மா ஒரு மிரட்டல், அவ்வளவுதான். அக்கா முந்தானையால் மேஜையைத் துடைக்க வந்தார். அதற்கும் "தொடாதீங்க" என்று அதட்டினேன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள், ஒரு மணி நேரம் எப்படி உட்கார்ந்து வந்திருப்பார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

அடுத்த மாதம் வந்த டப்பாவைப் பார்த்து அசந்துபோனேன். மூடி இறுக்கித் திருகி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு, ரப்பர் பேண்ட் சுற்றி, அதை ஒரு சின்னத் தூக்குச்சட்டிக்குள் நிமிர்த்தி வைத்துக் கொண்டுவந்திருந்தார். உள்ளே இருந்ததும் கெட்டியாக, சுத்தமாக இருந்தது. பெஞ்சில் இருந்தவர்களிடம் தூக்கிக் காட்டி, "பாத்துக்குங்க, சாம்பிள்னா இப்படிக் கொண்டாரணும்" என்றேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். வெட்கப்படுகிறார் என்று நினைத்தேன்.

சோதனை முடிவும் நன்றாக வந்தது. டாக்டருக்கு சந்தோஷம், ஸ்டீராய்டைக் குறைத்தார். தினமும் எத்தனை தடவை என்று எழுதும் அட்டையில் பத்து, பன்னிரண்டு என்று இருந்த இடத்தில் இரண்டு, ஒன்று, இரண்டு என்று வந்தது. மூன்றாம் மாதமும் அப்படியே. நான்காம் மாதம் ஸ்டீராய்டை அடியோடு நிறுத்தியாயிற்று. உடம்பு மட்டும் இளைத்துக்கொண்டே போனது. கேட்டால் "காட்டு வேலைங்க மேடம்" என்பார். ரத்தம் குறைவாக இருந்தது. இந்தப் பக்கத்துப் பெண்களில் யாருக்குத்தான் ரத்தம் சரியாக இருக்கிறது என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். "இந்தச் சோதனையில ஆம்பள பொம்பள வித்தியாசம் தெரியுங்களா?" என்று ஒரு நாள் கேட்டார். "அதுல என்னக்கா ஆம்பள பொம்பள!" என்று சிரித்தேன். அவரும் சிரித்தார். ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு வார்த்தை நான் கேட்கவில்லை. கேட்பதுதான் என் வேலை.

ஐந்தாம் மாதம் அக்கா வரவில்லை. போன் செய்தால் அக்காவின் வீட்டுக்காரர் எடுத்தார். வயிறு பானைபோல உப்பி, காய்ச்சல் வந்து, சேலத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னார். குடல் வீங்கி ஓட்டை விழுந்திருந்ததாம். ஆபரேஷன் செய்தார்கள். நான்காம் நாள் அக்கா போய்விட்டார்.

மிச்சமான மாத்திரையும் டப்பாக்களும் திரும்பி வந்தாக வேண்டும் என்பது ஆராய்ச்சி விதி. அதையும் நான் போன் போட்டுக் கேட்டேன். காரியம் முடிந்த மறுவாரம் அக்காவின் வீட்டுக்காரர், அந்த அண்ணன், வந்தார். ஒல்லியான, அதிர்ந்து பேசாத மனிதர். மாத்திரைப் பட்டைகளை வரிசையாக வைத்தார். பிறகு பிரிக்காத இரண்டு டப்பாக்களையும் எடுத்து வைத்து, "இதுல இனிமே எனக்கு வேலையில்லீங்க" என்றார்.

"உங்களுக்கு என்னங்கண்ணா வேலை?"

அவருக்குக் கூச்சமாக இருந்தது. "சொல்லலாமோ கூடாதோ. கடைசி மூணு தடவ அதுல இருந்தது என்னோடதுங்க மேடம். அவளுக்குத் தண்ணியாத்தான் போவும், பஸ்ஸுல ஒழுகுது, மேடம் வையறாங்க, பேரை எடுத்துடுவாங்கன்னு என்னையக் கேட்டா. சும்மா சாஸ்திரத்துக்குத்தான் வாங்கறாங்க, மத்தபடி நான் நல்லாயிட்டேன்னு சொன்னா. நானும் நம்பிட்டனுங்க."

ஃபைலில் கையெழுத்து வாங்கி அவரை அனுப்பி வைத்தேன்.

விதிமீறல் என்று ஒரு படிவம் இருக்கிறது. அதில் காரணம் என்ற கட்டத்தில், நோயாளி வேறொருவரின் சாம்பிளைக் கொடுத்தார், நான் எல்லோர் முன்னாலும் திட்டியதால் அப்படிச் செய்தார் என்று எழுதினேன். மேலதிகாரி முதல் பாதி போதும் என்று இரண்டாம் பாதியை அடிக்கச் சொன்னார். "டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் பொய் சொல்லக் கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றாள் கூட வேலை செய்கிறவள். எனக்கு ஆத்திரமாக வந்தது. உண்மையைக் கொண்டுவந்தபோதுதானே அந்த அக்காவை விரட்டினேன். நாற்றமும் ரத்தமுமாக முதல் மாதம் என் மேஜையில் ஒழுகியதுதான் உண்மை. எங்களுக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

அந்த அண்ணனிடம் போய் ஒத்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டால்தான் ஆறும் என்று பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கடத்தூர் பஸ் ஏறினேன். வழிநெடுக மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அவர் சாமந்திக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். காலைக் கழுவிக்கொண்டு வந்து பிளாஸ்டிக் சேரை எடுத்துப் போட்டு, "வூட்டுல பொம்பளைங்க இல்ல, காப்பி வெக்கக்கூட ஆளில்லீங்க" என்றார். நான் உட்காரவில்லை.

"நான் அன்னைக்கு அக்காவ அத்தனை பேர் முன்னாடி திட்டிட்டேங்கண்ணா. அதுக்குப் பயந்துதான் அவங்க உங்களோடத எடுத்துட்டு வந்தாங்க. அது நல்லா இருக்கவும், புண்ணு ஆறிடுச்சுன்னு நெனச்சு டாக்டர் ஸ்டீராய்டு மாத்திரைய நிறுத்திட்டார். தப்பு என்னோடதுதாங்கண்ணா. என்னை மன்னிச்சிடுங்க." சொல்லிவிட்டு அழுதேன். உள்ளபடியே எனக்கு அப்போது கொஞ்சம் பாரம் இறங்கினாற்போல இருந்தது.

அவர் என்னைத் திட்டவில்லை. வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் குடுத்ததப் பாத்துத்தான் அவளுக்கு மாத்திரைய நிறுத்துனாங்களா?"

அதற்கு முன் அவருக்கு அது தெரியாது. யாரும் சொல்லியிருக்கவில்லை. என் பாவத்தை இறக்கி வைக்கத்தான் அவ்வளவு தூரம் போனேன். அது யார் தலையில் இறங்கும் என்று யோசிக்காமல் போனேன்.

"கல்யாணமாயி இருவத்தஞ்சு வருசத்துல அவ எங்கிட்ட இது வேணும்னு ஒண்ணு கேட்டதில்லீங்க மேடம்" என்றார். "கேட்டது இத ஒண்ணுதான். போயும் போயும் இதையா கேக்கறேன்னு, மூணு தடவையும் சிரிச்சிக்கிட்டேதான் குடுத்தனுங்க."