எலிகளுக்கு வந்த ஊசி

வந்தவரின் முன்கையின் உட்புறத்தில் நீலப் பேனையால் ஒன்று முதல் எட்டு வரை எழுதி, ஒவ்வோர் இலக்கத்தின் பக்கத்திலும் ஒவ்வோர் உணவின் சாற்றில் ஒரு சொட்டு விட்டு, அதன்மேல் ஊசிமுனையால் மெல்லக் குத்துகிறார் கொன்ஸ்ரன்ஸ். எது தடிக்கிறதோ, அந்த உணவு அந்த உடம்புக்கு ஆகாது. "சொறியாதேங்கோ. கால் மணித்தியாலம் கதைச்சுக்கொண்டிருப்பம்."

வெள்ளவத்தையில், காலி வீதியோரத்து ஒவ்வாமைக் கிளினிக்கில் அவர் தாதி. வயது ஐம்பத்திரண்டு. கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வருகிறார். அவருக்கே நண்டு ஆகாது. கலியாண வீட்டுக்கும் தன் சோற்றுப் பொட்டலத்தைக் கையோடு கொண்டுபோவார்.

இரண்டாயிரமாம் ஆண்டில் அந்தக் கால் மணித்தியாலக் கதை டிஎன்ஏ தடுப்பூசி பற்றியதாக இருந்தது. டொக்டர் வாசித்துவிட்டுக் கொடுத்த வெளிநாட்டுச் சஞ்சிகையில் கண்டது. "இறாலைக் குடுக்கிறதில்லை. இறாலின்ர புரதத்தைச் செய்யிற குறிப்பை மட்டும் ஊசியாலை உள்ளுக்கு விடுறது. உடம்பே கொஞ்சம் கொஞ்சமாச் செய்து பழகிப்போடும். பிறகு கோவிக்காது." எலிகளில்தான் பார்த்திருக்கிறார்கள் என்பதையும் சொல்வார், கடைசியில், குரலை இறக்கி.

அதைக் கேட்டுக்கொண்டு போனவர்களில் ஹமீமாவும் ஒருவர். அவருடைய ஏழு வயது மகள் பலீலாவுக்கு இறால் ஆகாது. அடுத்த மாதம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு வழக்கமான தடுப்பூசி ஒன்று போட்டார்கள்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம், கிளினிக்குக்குச் சற்றுத் தள்ளியிருந்த இராணுவச் சோதனைச் சென்றியில் ஒரு த்ரீவீலரை மறித்தார்கள். அதற்குள்ளே ஹமீமா, பிள்ளைக்கு மூச்சு வரவில்லையென்று அலறுவது கிளினிக் ஜன்னலால் கேட்டது. ஒவ்வாமையால் மூச்சடைத்தால் போடும் அட்ரினலின் ஊசியோடு கொன்ஸ்ரன்ஸ் ஓடினார். கையில் எதையோ பிடித்தபடி ஓடிவரும் பெண்ணைக் கண்டு சிப்பாய் துவக்கை நிமிர்த்தினான்.

"மல்லி, சுடாதே! பிள்ளைக்கு மூச்செடுக்க ஏலாது!" என்று, அவனைத் தம்பி முறை சொல்லி, சிங்களத்தில் கத்தினார். நிற்கவில்லை. அவன் விலகினான். சட்டைக்கு மேலாகவே பிள்ளையின் தொடையில் ஊசி இறங்கியது. சில நிமிடங்களில் உதட்டு நீலம் கலைந்து, பலீலா அழத் தொடங்கினாள்.

"தடுப்பூசி போட்டாச்சுதானே மிஸ். நீங்க சொன்ன ஊசிண்டு நெனச்சுத்தான் ஒரு இறால் குடுத்த" என்றார் ஹமீமா.

கொன்ஸ்ரன்ஸ் வீதியோரத்துக் கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த கிழமை தாயும் மகளும் வந்தார்கள். "அப்ப அந்த ஊசி எப்ப மிஸ் வரும்?"

"தெரியாது தங்கச்சி. எலிக்குத்தான் வந்திருக்கு. ஆக்களுக்கு இல்லை." வரிசையில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

பிறகு, சென்றியிலும் காட்டக்கூடியதாக ஓர் அட்டையை எடுத்து, பலீலாவின் பெயருக்குக் கீழே 'இறால் கூடாது' என்பதை முதலில் சிங்களத்தில், பெரிய எழுத்தில் எழுதத் தொடங்கினார்.