தெரிந்தவன் என்று சொல்வதா

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஓகூஸ் நகரில் நான் வேலை செய்யும் சரக்குக் களஞ்சியத்தில் தொழிலாளர்கள் என்னைத் தங்கள் பிரதிநிதியாகத் தெரிவு செய்திருக்கிறார்கள். அதனால் புதிதாக ஆள் எடுக்கும்போது முகாமையாளரோடு நானும் உட்கார வேண்டும்.

எங்கள் தேவாலயத்துக்கு வரும் ஆபிரிக்கக் குடும்பங்களின் பெரியவர்கள், அமெரிக்காவில் கறுப்பின மாணவர்கள் வைத்திருப்பதுபோல ஒரு சகோதரர் சங்கம் நடத்துகிறார்கள். வேலையிடத்தில் எப்படி நடப்பது, எப்படிக் கதைப்பது என்று தங்கள் இளைஞர்களைப் பழக்குவார்கள். ஒத்திகையில் முதலாளியாக நடிக்க என்னைக் கேட்டார்கள். மூன்று சனிக்கிழமை போனேன்.

அங்கே ஒருவனுக்குக் கேள்வி கேட்டவுடன் கால் ஆடும். "உன்ர காலைப் பார்த்தா ஓடப்போறவன் மாதிரி இருக்கு" என்று சொல்லிச் சொல்லி நிறுத்தினேன்.

பிறகு எங்கள் களஞ்சியத்தின் நேர்முகப் பட்டியல் வந்தது. அதில் அவன் பெயர். வீட்டில் மனைவியிடம் சொன்னேன். தெரியும் என்றால் தன் ஆளைக் கொண்டுவருகிறான் என்பார்கள். மறைத்துப் பிடிபட்டால் அவனுக்கு வேலை இல்லை.

"என்ன, களவே எடுத்தனீங்கள்? தெரியுமெண்டு சொல்லுங்கோவன்" என்றாள் மனைவி.

"சொல்லி, பெடியனுக்குக் கிடைக்காமப் போனா?"

"ஓம், நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தா உடன கிடைச்சிடும்!"

திங்கட்கிழமை முகாமையாளரிடம் சொல்லத்தான் போனேன். அவர் தொலைபேசியில் இருந்தார். அதற்குள் அவன் வந்துவிட்டான், சங்கத்தின் நீல டையோடு. அவருக்குக் கை கொடுத்தான், பிறகு எனக்கு. முதன்முறை பார்ப்பவன்போல நான் என் பெயரைச் சொன்னேன். யோசித்துச் செய்யவில்லை. பயத்தில் வந்துவிட்டது.

அவன் முகாமையாளர் பக்கம் திரும்பினான். "இவரை எனக்குத் தெரியும். சேர்ச்சில எங்களுக்கு இன்டர்வியூ பழக்கினவர். மூண்டு தரம் என்னை வேண்டாமெண்டு அனுப்பினவர்."

முகாமையாளர் சிரித்தார். என்னைப் பார்த்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. "அப்ப இதுக்கு நீ வெளியில இரு."

கோப்பி மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். கண்ணாடிக் கதவு, பேச்சுக் கேட்காது. என் பொய்க்கு அவனைக் கழித்துவிடுவார்களோ? அவன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டும் தரையில் அசையாமல் இருந்தன.

அரை மணி கழித்து வெளியே வந்தான். குனிந்து பார்த்து, "உன்ர கால் ஆடுது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முகாமையாளர் என்னை உள்ளே கூப்பிட்டார்.

"அவனை எடுப்பம்" என்றார். "உன்னோடதான் கொஞ்சம் கதைக்க வேணும். கதவைச் சாத்து."