பல்புக்கு அடியில் பதினோரு குஞ்சுகள்

அண்ணா, அந்தப் பதினோரு குஞ்சுகளையும் கொன்றது நீதான், நான் இல்லை.

இன்று பிரிஞ்சாங் டவுனில் ஒரு கடையில், மஞ்சள் பல்புக்கு அடியில் குஞ்சுகள் கத்திய அட்டைப்பெட்டியைப் பார்த்தேன். எழுபதுகளில் தேயிலைத் தோட்டத்து நம் லயத்து வீட்டில், சாக்கு விரித்த அம்மாவின் பழைய கொழுந்துக் கூடைக்குள், அந்தக் கறுப்புக்கோழி மூன்று வாரம் அடைகாத்தது. பக்கத்தில் போனால் உடம்பை உப்பிக்கொண்டு உறுமும், கதவிடுக்கில் மலைப்பனி புகுந்தாலும் அதன் வயிற்றுக்கு அடியில் கையை விட்டால் சுடும். பொரித்த மறுநாளே குஞ்சுகளை நீ பால் டின் அட்டைப்பெட்டிக்கு மாற்றி, மேலே ஒரு பல்பைத் தொங்கவிட்டாய். கோழி சீக்கிரம் மறுபடி முட்டையிட வேண்டுமென்று அதைக் கால்வாய்த் தண்ணீரில் முக்கி, வெளியே கட்டிப்போட்டாய்.

“தாய்கிட்டயே விட்றா, அது பாத்துக்கும்,” என்றாள் அம்மா.

“கோழிக்கு என்னம்மா தெரியும்? பல்பு போதும்லா,” என்றாய்.

தொழிற்சாலை இன்ஜின் ஓடும் வரைதான் லயத்துக்குக் கரண்டு வரும் என்பது உனக்குத் தெரியாதா? காலையில் பெட்டிக்குள் ஒரு சத்தமும் இல்லை. வெளியே கட்டிப்போட்டிருந்த கோழி மட்டும் குஞ்சுகளை விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

“இவதாம்மா பெட்டிய தொறந்து போட்டா,” என்று என்னைக் கைகாட்டினாய். அம்மா என்னைத்தான் அடித்தாள். இன்னமும் விருந்துக்கு விருந்து அதையே சொல்லிச் சிரிக்கிறாய்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உன் பேரனுக்குப் பெயர் வைக்கும் விருந்தில், சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்க எழுந்து நின்று சொல்: நான் பெட்டியைத் திறந்தேனா, பல்பு அணைந்ததா?