இற்று விழாத வசம்பு வளையல்

வேலுத்தாய் 1974ஆம் ஆண்டு போடிநாயக்கனூரில் பிறந்தார். 1998 முதல் அவ்வூர் ஏலக்காய்க் கிடங்கு ஒன்றில் காய் பொறுக்கும் வேலை செய்கிறார். கணவர் சின்னச்சாமி 2011இல் காலமானார். மகன் செழியன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். 11 டிசம்பர் 2023, திங்கட்கிழமை, பவித்ரா என்ற பெண்ணின் ஒரு மாதக் குழந்தைக்கு வேலுத்தாய் வசம்பு வளையல் கட்டினார். 12 மார்ச் 2024, செவ்வாய்க்கிழமை, அந்த வளையல் இன்னும் குழந்தையின் கையிலேயே கிடக்கிறது என்று கேள்விப்பட்டார்.

கேள்விப்பட்ட அன்றே வேலையைப் போட்டுவிட்டு மலைக்கு ஜீப்பு ஏறினார். ஏன் என்பது விளங்க வேண்டுமானால், முதலில் வளையலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வசம்பு என்பது காய்ந்த கிழங்கு. அதன் நெடிக்குப் பூச்சி அண்டாது. கண்ணேறும் அண்டாது என்பது நம்பிக்கை. அந்தி நேரத்தில் தலைக்கு மேல் பறக்கும் பறவையின் நிழல் பட்டால் பிள்ளை தேறாமல் போகும் என்பார்கள். அந்தப் பட்சி தோஷத்துக்கும் அதுவே காவல். தொட்டில் கம்பில் ஒரு துண்டு, நிலைவாசலில் ஒரு துண்டு, பிள்ளையின் மணிக்கட்டில் மணி மணியாய் நறுக்கிக் கோத்த வளையல். விளக்கு வைத்த பிறகு அதன் பெயரை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ‘பேர் சொல்லாதது’ என்று கேட்டால் நாட்டு மருந்துக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார்.

செழியன் கைக்குழந்தையாக இருந்தபோது, கடையில் வாங்கிய வளையல் ஒன்று அவன் கன்னத்தைக் கீறிவிட்டது. அன்றிலிருந்து வேலுத்தாய் தாமே வசம்பை நறுக்கி, ஓரங்களைக் கல்லில் தேய்த்து மழுக்கிக் கோக்கத் தொடங்கினார். ஏலக்காயில் வெடித்ததையும் நிறம் வெளுத்ததையும் தொட்ட மாத்திரத்தில் ஒதுக்கும் விரல்கள். வசம்பிலும் சொத்தை எதுவும் அவற்றுக்குத் தப்பவில்லை. தெருவில் பிள்ளை பெற்றவர்கள் கேட்டு வரலானார்கள். வெற்றிலை பாக்கைத் தவிர எதையும் அவர் வாங்குவதில்லை. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவும் பழக்கத்தை மட்டும், ஆபத்து என்று செவிலியர் ஒருவர் சொன்ன நாளோடு நிறுத்திவிட்டார்.

கட்டி முடித்ததும் ஒவ்வொரு தாயிடமும் அவர் சொல்வது ஒன்றுதான்: நூலை அறுக்கக் கூடாது. அது தானாக இற்று விழ வேண்டும். விழுந்தால் தோஷம் கழிந்தது. எடுத்து ஓடும் தண்ணீரில் விட்டுவிடலாம். பருத்தி நூல், எண்ணெயிலும் வெந்நீரிலும் பிள்ளையின் எச்சிலிலும் ஊறி, மாதம் ஒன்று கழிவதற்குள் இற்றுவிடும். ஆகவே அந்த விதியால் இதுவரை எவருக்கும் தொல்லை வந்ததில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கிடங்கில் தேநீர் வேளை. பக்கத்தில் அமர்ந்து காய் பொறுக்கும் பேச்சிதான் பேச்சை எடுத்தாள்.

“ஒன் கைராசிக்கு ஈடில்லக்கா. எங்க அண்ணன் மக பவித்ரா பிள்ளைக்குக் கட்டுனியே, இன்னமும் இரும்பாட்டம் கெடக்காம்.”

“இன்னமுமா?”

“ஒரு பிரிகூட விடலையாம். மலையில அத்தன பேருக்கும் காட்டிக் காட்டிப் பெருமப்படுறா.”

வேலுத்தாயின் பார்வை கிடங்கின் மூலையில் அடுக்கியிருந்த மூட்டைகளின் மேல் போய் நின்றது. அவற்றின் வாய்கள் கறுப்பு நைலான் நூலால் தைக்கப்பட்டிருந்தன. டிசம்பர் மாதத்து அந்தக் காலை அப்படியே நினைவில் எழுந்தது. பவித்ரா பிள்ளையோடு, கணவன் வேலை பார்க்கும் ஏலமலைக்குத் திரும்பும் அவசரம். வாசலில் ஜீப்பு ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. பருத்தி நூல்கண்டு தீர்ந்திருந்தது. கிடங்கிலிருந்து எப்போதோ கொண்டுவந்திருந்த இதே சாக்கு நூலை மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் கட்டி அனுப்பிவிட்டார். இற்று விழாத நூல். வளர்கின்ற கை.

உடனே பவித்ராவுக்குப் போன் செய்தார்.

“தாயி, பாப்பா கை எப்படி இருக்கு?”

“கொழுகொழுன்னு இருக்குத்தே. வளையல் போட்ட கை மட்டும் கொஞ்சம் கூடுதலாவே கொழுகொழுங்குது.”

“விரலு?”

“செவந்து கெடக்கு. குளிருக்குன்னு சொன்னாக.”

“வெரசா அந்த நூல அறுத்துரு தாயி. அது நைலானு. நான்தான் தெரியாத்தனமா கட்டிட்டேன்.”

“அறுக்கக் கூடாதுன்னு நீங்கதானத்தே சொன்னீக? விழலைன்னா இன்னும் கழியலன்னுதான அர்த்தம்? மொதப் பிள்ளைக்கு ஒண்ணுமே கட்டாம விட்டேன். என்ன ஆச்சுன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?”

தெரியும். 2021இல் பிறந்த அந்தப் பிள்ளை ஒரு மாதம்கூடத் தங்கவில்லை. வேலுத்தாயால் அதற்குமேல் போனில் வாதாட முடியவில்லை. கிடங்கில் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் புதிதாகக் கோத்து வைத்திருந்த வளையல் ஒன்றை முந்தானையில் முடிந்துகொண்டு, போடிமெட்டுக்குப் போகும் மதிய ஜீப்பில் ஏறினார்.

“என்னக்கா, பொறுக்குற காயி தீந்துபோச்சுன்னு காய்க்கிற எடத்துக்கே கெளம்பிட்டியா?” என்று சிரித்தான் ஓட்டுநர் ஜக்கையன்.

“வண்டிய வெரட்டுடா.”

“வெரட்டுனா வளைவுல திரும்ப மாட்டோம்க்கா. நேரா போடியிலதான் போயி விழுவோம்.”

வேலுத்தாய் விஷயத்தைச் சொன்னார். அதன் பிறகு ஜக்கையன் வழியில் எங்கும் ஆள் ஏற்றாமல் ஓட்டினான்.

கொண்டை ஊசி வளைவுகளில் ஜீப்பு ஏற ஏற அவருக்குள் ஒரு கணக்கு நேராகவில்லை. அறுத்தால் கை பிழைக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் அறுத்த மறுவாரம் பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால்? பவித்ராவை விடுங்கள்; தன்னையே தான் மன்னிப்பாரா? இத்தனை தாய்மாரிடம் சொன்ன சொல்லை அவரும் முழுதாக நம்பித்தான் சொல்லியிருந்தார். போதாக்குறைக்கு, நூலை மாற்றிய கை அவருடையது.

கேரள எல்லையைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், ஏலத்தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம். ஜக்கையன் மற்ற ஆட்களை இறக்கிவிட்டு, வாசல் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தினான். பவித்ராவின் கணவன் ஈஸ்வரன் வெளியே வந்தான்.

“கொழப்பமில்லத்தே, நல்லாத்தான் தூங்குறா” என்றான். இடுக்கி மலையில் வேலை பார்ப்பவர்களிடம் அந்த மலையாளச் சமாதானம் ஒட்டிக்கொண்டுவிடும்.

குழப்பம் கண்ணுக்கு நேராகவே தெரிந்தது. இடது மணிக்கட்டின் சதை மடிப்புக்குள் நூல் புதைந்திருந்தது. மணிகள் மட்டும் வெளியே தெரிந்தன. புறங்கை எலுமிச்சம்பழம்போல் உப்பியிருந்தது; விரல்நுனிகள் கறுத்துச் சிவந்திருந்தன.

பின்னாலேயே வந்த ஜக்கையன் வண்டிச் சாவிக் கொத்தை எடுத்தான். அதில் ஒரு நகவெட்டி தொங்கியது. “பிள்ளையக் கொண்டா. ஒரே கடி, சோலி முடிஞ்சிரும்.”

பவித்ரா பிள்ளையை மார்போடு சேர்த்துச் சுவரோரம் ஒதுங்கினாள். “அண்ணே, கிட்ட வராதீக. சொல்லிட்டேன்.”

வேலுத்தாய் அந்த மணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இறுக்குவது நூல். ஆனால் அந்த நூலின் நீளத்தில் பெரும்பகுதியைத் தின்றுகொண்டிருப்பவை மணிகள். அவை இல்லாமல் போனால், அறுபடாமலே நூல் தளரும்.

“சாவிய இங்க கொடுடா” என்று வாங்கிக்கொண்டு, பவித்ராவின் எதிரே சம்மணமிட்டு அமர்ந்தார். “தாயி, நூலத் தொடமாட்டேன். நீயே பாத்துக்கிட்டிரு. வசம்ப மட்டும் ஒடைச்சு எடுக்கிறேன். அதுக்கு முன்னாடி மத்தக் கைக்குப் புதுசு கட்டிருவோம். ஒரு நிமிசம்கூடப் பிள்ள காவலில்லாம இருக்காது. சரியா?”

பவித்ரா கணவனைப் பார்த்தாள். பிறகு மெல்லத் தலையசைத்தாள்.

வலது கையில் பருத்தி நூல் வளையல் ஏறியது. இடது மணிக்கட்டில் தேங்காய் எண்ணெய் ஊற்றினார்கள். வேலுத்தாய் முதல் மணியை நகவெட்டியின் பற்களுக்கிடையில் கொடுத்து, நூல் படாமல் விளிம்பில் நெரித்தார். அது நார் நாராகச் சிதைந்து உதிர்ந்தது. நெடி லயம் முழுவதும் பரவியது. பிள்ளை வீறிட்டது. இரண்டாவது மணி. மூன்றாவது. ஈஸ்வரன் பிள்ளையின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். பாதி மணிகள் உதிர்ந்தபோது மடிப்புக்குள்ளிருந்து நூல் மேலே வந்தது. கடைசி மணியும் போனதும், எண்ணெய் வழுக்கலில் பெருவிரலை உள்ளே மடக்கி, நூலைப் புறங்கையின் மேல் நகர்த்தினார். ஒரு கணம் சிக்கியது. பிறகு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது.

பவித்ரா அந்த வெறும் வளையத்தை வாங்கி வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“முடிச்சு அப்படியே இருக்கு.”

“இருக்கா?”

“அறுபடலத்தே. ஒரு பிரிகூட அறுபடல.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் அழவும் சிரிக்கவும் தொடங்கியிருந்தாள்.

விரல்நுனிகளில் கறுப்பு விலகி இளஞ்சிவப்பு ஏறியது. வேலுத்தாய் நகவெட்டியைத் துடைத்து ஜக்கையனிடம் கொடுத்தார். அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டார்.

“எனக்கு ஒரு டீ போடு தாயி. ஏலக்கா மட்டும் போட்றாத. அந்த வாசத்துக்கு இன்னிக்கி நான் லீவு.”

“என் நகவெட்டிக்கு என்னக்கா வழி? இனி நகம் வெட்டுனா கையெல்லாம் வசம்பு நாறும்” என்றான் ஜக்கையன்.

“நாறட்டும். ஒன்னய எந்தப் பேயும் கண்ணு வைக்காது.”

எல்லோரும் சிரித்தார்கள். காரணம் தெரியாமல் அழுகையை நிறுத்திய பிள்ளை, விடுபட்ட கையை வாய்க்குக் கொண்டுபோனது. நூல் வளையத்தை ஈஸ்வரன் கீழே ஓடையில் விட்டுவிட்டு வந்தான்.

வேலுத்தாய் இப்போதும் வளையல் கட்டுகிறார். கட்டுவதற்கு முன் நூலின் நுனியைத் தீயில் காட்டுகிறார். சாம்பலானால் பருத்தி, உருகி உருண்டையானால் நைலான். ‘அறுக்கக் கூடாது’ என்பதோடு, ‘ஒரு மாசத்துல விழலைன்னா பிள்ளைய என்கிட்ட கொண்டாங்க’ என்றும் சொல்லி அனுப்புகிறார்.

20 மார்ச் 2024, புதன்கிழமை, தள்ளிப்போன தடுப்பூசிக்காகப் பவித்ரா பிள்ளையோடு போடிக்கு இறங்கி வந்தாள். வேலுத்தாயும் உடன் சென்றார். செவிலியர் இடது கையை மடக்கி, நீட்டி, மணிக்கட்டில் மெலிதாக எஞ்சியிருந்த கோட்டைத் தடவிப் பார்த்தார்; ஒன்றுமில்லை என்றார். பிள்ளை அதே கையால் அவருடைய அடையாள அட்டையைப் பற்றி இழுத்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு எடைத்தட்டில் கிடத்தினார்கள். ஆறு கிலோ முந்நூறு கிராம்.