நான் ஸ்விட்சைத் தள்ளிய சனிக்கிழமை

பிள்ளைகளே, உங்கள் அக்காவின் முதல் நிகழ்ச்சியில் ஒயர் கழன்று சத்தம் நின்றுபோனது என்றுதானே இதுவரை கேட்டிருக்கிறீர்கள்? அன்று நீங்கள் இரண்டு பேரும் மதுராந்தகத்தில் அத்தை வீட்டில் இருந்தீர்கள். ஒயர் எதுவும் கழலவில்லை. நடந்ததை அப்பா எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடம் முன்பு, தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம். இடம் மாமல்லபுரம், கடலை ஒட்டிய ஒரு ஓட்டலின் புல்தரை.

அப்போது அக்கா படிப்பை முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. நம் மைக்செட் பாக்ஸ்களை அடுக்கி வைத்திருக்கும் அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்து பாட்டு செய்துகொண்டிருந்தாள். வாத்தியம் கிடையாது, பாடுகிற ஆள் கிடையாது. கடப்பாக்கத்தில் படகை மணலில் இழுக்கிற சத்தத்தைப் போனில் பிடித்து வந்து, அதை வெட்டி ஒட்டித் தாளமாக்கிவிடுவாள். செய்வதும் அவளே, இன்டர்நெட்டில் போடுவதும் அவளே. உங்கள் மாமா ஒருநாள் கேட்டுவிட்டு, "இன்னா மச்சான் இது, மிக்சில சட்னி அரைக்கிற மாதிரி கீது?" என்றார். அக்கா விடுவாளா? "சட்னி நல்லா இருந்தா மிக்சிய யாராச்சும் திட்டுவாங்களா மாமா?" என்றாள்.

அதே மாமாதான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை சொல்லி வைத்திருந்தார். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். போய்விடு என்றுதான் நானும் சொன்னேன். அந்த நேரத்தில் இந்த ஓட்டலில் இருந்து கூப்பிட்டார்கள். ஒரு சனிக்கிழமை வாசித்துக் காட்டு, பிடித்திருந்தால் எல்லாச் சனிக்கிழமையும் நீதான் என்றார்கள்.

"இது ஒண்ணு மட்டும் பாத்துடலாம்பா. சரியா வரலன்னா திங்கக்கெழம நானே மாமாவுக்கு போன் பண்ணி வேலைக்கு வரேன்னு சொல்லிடறேன்" என்றாள். பிறகு, "உன் செட்ட எடுத்துக்கினு வரியா?" என்று கேட்டாள். அவள் என்னிடம் தொழில் விஷயமாக உதவி கேட்டது அதுதான் முதல் தடவை. இருப்பதில் நல்ல பாக்ஸாகப் பார்த்துத் துடைத்து, அச்சரப்பாக்கத்தில் இருந்து லோடு வண்டியில் ஏற்றிப் போனேன். கரண்ட் போனால் தேவைப்படும் என்று ஜெனரேட்டரையும் ஏற்றினேன். ஓட்டல் லைனில் இருந்து ஜெனரேட்டருக்கு மாற்றுகிற ஸ்விட்சை என் காலடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"எல்லாம் லேப்டாப்ல கீதுப்பா. நீ ஒண்ணும் தொடாத. சும்மா உக்காந்து கேளு" என்றாள்.

கூட்டம் ஐம்பது அறுபது பேர் இருக்கும். பாதிப் பேர் சென்னையில் இருந்து வந்த பிள்ளைகள். முதல் பாட்டுக்குத் தலையாட்டினார்கள், இரண்டாவதற்கு எழுந்து நின்றார்கள். மூன்றாவது பாட்டில் தாளம் வேகமாகி வேகமாகி, சத்தம் ஏறிக்கொண்டே போய், சட்டென்று எல்லாம் நின்றது.

இருபத்தைந்து வருடமாகத் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக்செட் போடுகிறவன் நான். பாட்டு ஒரு நொடி நின்றால் ஊரே திரும்பி எங்களைத்தான் முறைக்கும். கரண்ட் போய்விட்டது என்று நினைத்து, யோசிக்கும் முன்பே என் கை ஸ்விட்சைத் தள்ளிவிட்டது. ஆம்ப்ளிஃபையரில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதை நான் பார்க்கவில்லை. அதைவிடக் கேவலம், ஜெனரேட்டரையே நான் ஸ்டார்ட் செய்திருக்கவில்லை.

அந்த நிறுத்தம் அவளே வைத்தது. எட்டு எண்ணுகிற நேரம் அமைதி, அதற்கப்புறம் மொத்தத் தாளமும் ஒன்றாக இறங்க வேண்டும். இறங்கவில்லை. நான்தான் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிட்டேனே. விளக்கு அணைந்ததைப் பார்த்த பிறகுதான் ஜெனரேட்டர் ஓடவில்லை என்பதே எனக்கு உறைத்தது. பிள்ளையின் வேலையை என் கையாலேயே கெடுத்துவிட்டேன் என்று ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கிறேன், இழுக்கிறேன், அது இருமுகிறதே தவிர ஓடவில்லை.

அக்கா என்னைப் பார்த்தாள். முகத்தில் கோபமே இல்லை. கையை மட்டும் ஒரு திருப்பு திருப்பிக் காட்டினாள்: ஸ்விட்சைப் பழையபடி போடு. அது எனக்குத் தோன்றவே இல்லை பாருங்கள். அடுத்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கித் தட்ட ஆரம்பித்தாள். லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, ஹெட்போனில் அவளுக்கு மட்டும் பாட்டு கேட்டுக்கொண்டிருந்தது. அந்தத் தாளத்தை அவள் தட்ட, கூட்டமும் தட்டியது. தட்டு எடுக்க வந்த சர்வர்கள்கூடத் தட்டினார்கள். நான் ஸ்விட்சைத் திருப்பினேன். ஆம்ப்ளிஃபையர் 'டக்' என்று உயிர் பெற்றதும் லேப்டாப்பில் மூடி வைத்திருந்த சத்தத்தை அவள் உடனே திறந்துவிடவில்லை. பாட்டில் சரியான இடம் வரும்வரை பொறுத்தாள். வந்ததும் திறந்தாள். அத்தனை பேருடைய கைத்தட்டல் மேலேயே தாளம் நேராக வந்து உட்கார்ந்தது. கூட்டம் போட்ட சத்தத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

முடிந்ததும் மேனேஜர் நேராக என்னிடம் வந்தார். "இன்னாண்ணா, நடுவுல ஜெனரேட்டர் பிரச்சனையா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா குறுக்கே வந்தாள். "இல்ல சார், ஒயர் கழண்டுச்சு. நான்தான் கால வச்சிட்டேன்."

எல்லாச் சனிக்கிழமையும் கையில் வருமா, நழுவுமா என்கிற நேரத்தில் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டாள். மேனேஜர் குனிந்து தரையில் கிடந்த ஒயரைப் பார்த்தார். பிறகு, "அடுத்த சனிக்கெழம ஒயர ஓரமா வுட்டுக்கோமா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வண்டியில் வரும்போது கேட்டேன். "ஏம்மா உன் மேல போட்டுக்கின?"

"உன்ன சொன்னா அடுத்த வாரம் வேற செட்டு போட சொல்லுவாரு. எனக்கு உன் செட்டுதான் வேணும்." கொஞ்ச தூரம் போனதும் சிரிப்பை அடக்க முடியாமல், "ஆனா நைனா, ஜெனரேட்டர ஸ்டார்ட் பண்ணாமலே ஸ்விட்ச தள்ற மைக்செட்டுக்காரர இப்பதான் பாக்கறேன்" என்றாள்.

இந்த இரண்டு வருடத்தில் அவள் இதை யாரிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லவில்லை. எத்தனையோ ஊரில் எத்தனையோ மேடைக்கு நான் செட் போட்டிருக்கிறேன். இன்னாருடைய அப்பா என்று தலை நிமிர்ந்து நின்றது அந்தப் புல்தரையில்தான், அதுவும் நான் தப்பு செய்த நாளில்.

அந்த நிகழ்ச்சிக்கு மறுநாள் காலை உங்கள் அம்மா கடைக்குப் போயிருந்தாள், அக்கா தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மட்டும் பாக்ஸ் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அந்த மூன்றாவது பாட்டைப் போனில் சத்தம் குறைவாக வைத்துக் கேட்டேன். அமைதி வந்ததும் கை தானாக, பாக்ஸ் மேல் கிடந்த அந்த ஸ்விட்சுப் பக்கம் எழுந்தது. மறுபடி முதலில் இருந்து போட்டேன். இந்தத் தடவை இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொண்டு, ஒன்று, இரண்டு என்று எட்டு வரைக்கும் எண்ணினேன்.