கூட்டிப் பெருக்கிய மிளகாய்ப் பாத்தி

ஒரே விஷயத்தை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கும் வேலை இரண்டு பேருக்குத்தான் வாய்க்கும். ஒருவர் கோயில் குருக்கள், இன்னொருவர் விவசாய இலாகா அதிகாரி. குருக்கள் சொல்வதையாவது நாலு பேர் நின்று கேட்கிறார்கள். சுபாஜினிக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லை.

மலேசியாவில், ஈப்போவில் பிறந்தவள், யாழ்ப்பாணத்து வம்சம். அந்த வீடுகளில் பிள்ளைகள் டாக்டராவார்கள், வக்கீலாவார்கள், போனால் போகிறதென்று கணக்காளராவார்கள். இவள் செர்டாங் விவசாயப் பல்கலைக்கழகத்தில் மண்ணைப் பற்றிப் படித்துவிட்டு வந்து இலாகாவில் சேர்ந்தாள். அப்பா தியாகராஜா கல்யாண வீடுகளில் "மகள் அரசாங்கத்தில இருக்கிறாள்" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எந்த இலாகா என்று யாராவது கேட்டால் பந்தி ஆரம்பித்துவிட்டதா என்று பார்க்கக் கிளம்பிவிடுவார்.

இலாகா எதற்கு இருக்கிறது என்பது சனங்களுக்கும் சரியாகத் தெரியாது. பாகான் செராய் வயல்களில் அவள் எலி மருந்து கொடுக்கும் மேடம். பாகான் டத்தோவுக்கு மாற்றலாகிப் போனதும் தென்னையைக் குடையும் வண்டுகளுக்கெல்லாம் பதில் சொல்ல வேண்டிய மேடம். உர மூட்டை வந்தால் வணக்கம், வராவிட்டால் முணுமுணுப்பு. அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது ஒன்றே ஒன்றுதான்: சுத்தம்.

வெள்ளைக்காரன் காலத்து இலாகா அது. தரையைச் சுரண்டி வெறுமையாக வைத்தால் மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போய்விடும் என்று அந்தக் காலத்திலேயே சொல்லிப் பார்த்தது. ரப்பர்த் தோட்டத்துத் துரைமார் வெகுகாலம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புல் முளைத்த தோட்டம் அவர்களுக்கு மானக்கேடு. துரைமார் கப்பலேறினார்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, அந்தப் புத்தி மட்டும் எங்கும் போகாமல் தோட்டத்து லயங்களில் குடியிருந்த தொழிலாளர்களிடம் பத்திரமாகத் தங்கிவிட்டது. அதைப் பிடுங்கும் வேலை, நூறு வருஷம் கழித்து, சுபாஜினியின் தலையில் வந்து விழுந்தது.

அடுத்த மாற்றலில் அவள் வந்து சேர்ந்த சுங்கை சிப்புட் பக்கம், மூடிப்போன ஒரு தோட்டத்தின் ஓரத்தில் சில குடும்பங்கள் மிளகாயும் வெண்டையும் போட்டிருந்தன. தண்ணீர்தான் பிரச்சினை. வெயில் காலம் வந்தால் பள்ளத்து ஓடையிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினார்கள். இலாகா ஒரு பம்பும் குழாயும் கொடுத்தால் போதும். மேலிடமோ, வெறுந்தரையில் ஊற்றும் தண்ணீர் வெயிலில் போய்விடுமே, தரையை மூடி ஈரத்தைக் காப்பாற்றிக் காட்டுங்கள், பம்பு தருகிறோம் என்றது. நியாயமான பேச்சுதான்.

அந்தக் குடும்பங்களின் குழுவுக்குத் தலைவி நவமணி, ரப்பர்ப் பால் வெட்டிய முன்னாள் பால்மரத் தொழிலாளி. அவளுடைய மிளகாய்ப் பாத்தியையே சுபாஜினி மாதிரிப் பாத்தியாக்கினாள். லாலாங் புல்லை அறுத்து, வாழைச் சருகோடு கலந்து, செடிகளுக்கு நடுவே தடிமனாகப் பரப்பினார்கள். நவமணிக்கு முகம் சுருங்கிவிட்டது. பேய் குடியிருக்கிற வீடு மாதிரி இருக்கிறதே, பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று கேட்டாள். மண்ணுக்கு அதுதான் போர்வை என்று சுபாஜினி தொண்டை வற்றச் சொன்னாள். மழை நின்று வெகுநாளான பிறகும் சருகுக்கு அடியில் கையை விட்டால் குளுகுளுவென்று ஈரம் இருந்தது. பம்பு வந்த மாதிரிதான் என்று அவள் உள்ளுக்குள் துள்ளினாள்.

தலைமையகத்திலிருந்து பெரிய அதிகாரி அடுத்த வாரம் பார்க்க வருகிறார் என்று, இலாகா வழக்கப்படி, முன்கூட்டியே குழுவின் வாட்சாப்பில் போட்டாள். போட்டிருக்கக் கூடாது.

அதிகாரியோடு காரை விட்டு இறங்கியவள் பாத்தியைப் பார்த்தாள். செய்தி வந்த மறுநாளே ஊர் கூடிக் கோத்தோங் ரோயோங் என்று சிரமதானம் நடத்தியிருக்கிறது. சருகையெல்லாம் வாரிக் கொளுத்திவிட்டார்கள். ஒரு புல் இல்லை. ஈர்க்குமாறு இழுத்த கோடுகள் கோலம் போட்டது போலப் பாத்தி முழுக்க ஓடின. வரப்புக் கற்களுக்குச் சுண்ணாம்பு வேறு. நடுவில் மிளகாய்ச் செடிகள் தலையைத் தொங்கப்போட்டு நின்றன. நவமணி பட்டுச்சேலை கட்டி, சிரப்புத் தண்ணீர் தட்டோடு, பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

அதிகாரி நல்ல மனிதர். குனிந்து விரலால் மண்ணைக் குத்திப் பார்த்தார், விரல் இறங்கவில்லை. கண்ணால் கண்டதைத்தான் மேலே சொல்ல முடியும், அடுத்த வருஷ வெயிலில் பார்க்கலாம் என்று மலாயில் மெதுவாகச் சொன்னார். சிரப்பை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

கார் திரும்பியதுதான் தாமதம், சுபாஜினி பொரிந்து தள்ளினாள். எத்தனை தடவை சொன்னேன், காது இருக்கிறதா இல்லையா, கைக்கு வந்த பம்பைக் கூட்டிக் குப்பையில் போட்டுவிட்டீர்களே, இனி ஒரு வருஷம் சுமந்து சாகுங்கள் என்றெல்லாம் கத்தினாள். குரல் உடைந்து அழுகையும் வந்துவிட்டது. நவமணி தட்டைக் கீழே வைத்தாள்.

"எங்கம்மா இதே தோட்டத்துலதான் வேல செஞ்சாங்க மேடம். பெரியவங்க பாக்க வர்ற அன்னிக்கு ரப்பர் மரத்து நெரையில ஒரு புல்லு நின்னாலும் அரப்பேருதான் போடுவாங்க. நாள் முழுக்க வேல செஞ்சிட்டு அரை நாள் சம்பளம். அன்னிக்கு எங்களுக்கெல்லாம் கஞ்சிதான்." சுண்ணாம்பு அடித்த வரப்பைக் கை காட்டினாள். "ஒங்க பெரியவரு வாராருன்னதும் பயந்துட்டோம். எங்களால ஒங்களுக்கு அரப்பேரு விழுந்துறக் கூடாதுல்ல."

திட்டுவதற்கு இன்னும் நிறைய இருந்தது. யாரைத் திட்டுவதென்றுதான் சுபாஜினிக்குத் தெரியவில்லை. எரிச்சலில் சுண்ணாம்புக் கல் ஒன்றைக் காலால் தள்ளினாள். அது நகரக்கூட இல்லை.

நவமணி பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியைத் தூக்கினாள். செடி வாடுகிறதே, ஓடைக்குப் போக வேண்டும். இரண்டடி போனவள் திரும்பி, "அடுத்த தடவ பெரியவங்க வந்தா எங்ககிட்ட முன்னாடியே சொல்லாதீங்க மேடம்" என்றாள். "சொன்னா எங்களால சும்மா இருக்க முடியாதுலா."