பூங்காவுக்குப் போன பை

கேட்காமலேயே அம்மா என்னை ஊஞ்சலாட அழைத்துப் போனதுதான் முதலில் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. மிட்டாய் கேட்டால் முதுகில் அறைகிறவள், மாதத்தில் சில நாள் மட்டும் விடிந்ததும் எழுப்பி, "வாலே, பார்க்குக்குப் போவோம்" என்பாள். நாள்காட்டியைப் பார்ப்பேன். சிவப்பு எழுத்து இருக்காது. பண்டிகை இல்லாத நாளில் எதற்கு இந்தக் கருணை?

அப்போது எனக்கு ஏழு வயது. திருநெல்வேலிப் பக்கமிருந்து மலையாள தேசத்துக்கு வந்து, ஆரியசாலையில் ஒரு சந்தில் ஒற்றை அறையில் குடியிருந்தோம். அப்பா மண்டியில் மூட்டை தூக்கினார். ஆறு குடித்தனத்துக்கும் முற்றத்தில் ஒரே குழாய். யார் எதைத் துவைக்கிறார்கள் என்று வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பாள்.

பூங்காவில் இரண்டு ஊஞ்சல், ஒரு சறுக்குமரம். மூலையில் பெண்களுக்கான குளியலறை. என்னை ஊஞ்சலில் ஏற்றிவிட்டு, அம்மாவும் அக்காவும் ஒரு ரெக்ஸின் பையோடு அந்த மூலைக்குப் போவார்கள். அரைமணி நேரம் வரமாட்டார்கள். "நானும் வாரேன்" என்றால் அக்கா, "ஆடுகதுக்கும் தொரைக்குத் தொணை வேணுமோ?" என்பாள். அவளுக்குப் பதின்மூன்று வயது. முன்பெல்லாம் ஊஞ்சலுக்காக என் கையைக் கடித்தவள், அந்த வருஷம் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஊஞ்சலைவிட நல்லது எதுவோ அந்தப் பையில் இருக்கிறது. முறுக்கு என்று முடிவு செய்தேன்.

காவலாளிக்கும் சந்தேகம், வேறு மாதிரி. குளியலறைக் குழாய் ஒன்றை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். ஒருநாள் நாங்கள் திரும்பும்போது வாசலில் கை நீட்டி மறித்தார்.

"எந்தா சேச்சி பையில்?"

"துணிதான் அண்ணாச்சி."

"துணின்னா தொறந்து காட்டு. எந்தினா பேடி, எதுக்குப் பயம்?"

அம்மா பையை மார்போடு அணைத்துக்கொண்டாள். அக்கா அவள் முந்தானையைப் பிடித்து, "வேண்டாம்மா" என்றாள். நடக்க வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். எனக்கு இதைவிட நல்ல சமயம் வாய்க்காது.

"முறுக்கு, மாமா! எனக்குத் தெரியாம ரெண்டு பேரும் திங்காவ! தொறந்து பாருங்க!"

அவர் பையைப் பிடுங்கி ஜிப்பை இழுத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு சோப்புத் துண்டு. அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்து மடித்த துணிகள், அலசிப் பிழிந்தவை, முழுதாகப் போகாத கறையோடு.

காவலாளி சட்டென்று ஜிப்பை மூடினார். எங்களைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு, "போயிக்கோ சேச்சி" என்றார். பத்தடி நடந்திருப்போம். பின்னாலேயே வந்து, "எனக்கும் மோள் உண்டு. இனி ஆரும் சோதிக்க மாட்டாங்க" என்றார். அம்மா திரும்பவில்லை.

அதன் பிறகு பூங்காவுக்குப் போகவே இல்லை. அந்த நாட்களில் என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டு, அறைக்குள்ளேயே வாளியில் அலசினார்கள். எனக்கு அடி விழவில்லை. அதுவே சந்தேகமாக இருந்தது. அக்கா பல நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டைக்கூட வேறு பக்கம் பார்த்துத்தான் நீட்டினாள். கேட்டால் கண் கலங்கும்.

ஊஞ்சல் போனது எனக்கு. முறுக்கும் கிடைக்கவில்லை. நியாயப்படி கோபித்துக்கொள்ள வேண்டியவன் நான்தான். அவள் எதற்கு அழுகிறாள் என்று அன்று எனக்கு விளங்கவே இல்லை.